குளிரிலும் சூட்டிலும் திணறிய ஸ்பிளிட் ஏசி: ஒரு பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

புகாரும் முன்கதையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சுவரில் மாட்டும் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. குளிர், சூடு இரண்டும் தரும் வகை. உள்ளே ஓடுவது ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸ். பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கேஸின் எடை 1.10 கிலோ. இரண்டு யூனிட்டுக்கும் நடுவே 4 மீட்டர் பைப்: மெல்லியது 1/4 இன்ச், தடித்தது 1/2 இன்ச். ஐந்தாண்டு ஓடிய யூனிட். மாட்டியிருந்தது சமையலறையோடு சேர்ந்த திறந்த கூடத்தில்.

குளிர் வைத்தால் முதல் அரை மணி நேரம் ஓரளவு குளிரும். பிறகு காற்று மெலிந்துபோய் உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். சூடு வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெளி யூனிட் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும், மறுபடி நிற்கும். மின் கட்டணம் இரண்டு பருவத்திலும் ஏறியிருந்தது.

முன்கதையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முந்தைய கோடையில் ‘குளிர் பத்தவில்லை’ என்று சொன்னதற்கு கேஸ் டாப்-அப் செய்திருக்கிறார்கள். எவ்வளவு ஏற்றினார்கள் என்ற குறிப்பு இல்லை. கசிவு எங்கே என்றும் தேடவில்லை. சூட்டில் நிற்கும் கோளாறு அதற்கடுத்த குளிர்காலத்தில்தான் தொடங்கியது. இன்னொன்று, வீட்டார் மாதம் தவறாமல் ஃபில்டர் கழுவி வந்தவர்கள். ஃபில்டர் எப்போதும் பளிச்சென்று இருந்ததால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

கழுவுவதற்கு முன் எடுத்த அளவுகள்

அழுக்கைப் பார்த்ததும் கழுவத் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் கழுவிவிட்டால் கோளாறுக்கான தடயமும் கூடவே போய்விடும். அளவெடுத்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசியைச் சாதாரணமாக ஓடவிட்டு அளந்தால் பயனில்லை. அறையின் தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் எடுத்த அழுத்தத்துக்கும் அடுத்த நிமிடம் எடுத்த அழுத்தத்துக்கும் ஒப்பே இராது. அதனால் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் சொல்லியிருக்கும் சோதனை ஓட்டத்தில், கம்ப்ரசர் வேகத்தை நிலையாக வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு எல்லா அளவும் எடுக்கப்பட்டது. வெளியே 16 டிகிரி இருந்த காலையில் சூடு முறையும், 30 டிகிரி இருந்த பிற்பகலில் குளிர் முறையும் சோதித்தோம்.

சூடு முறையில் அறை 19 டிகிரி. உள் யூனிட்டிலிருந்து வந்த காற்று 53 டிகிரி. கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 540 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) தொட்டது. ஆர்32க்கு அது ஏறத்தாழ 58.7 டிகிரியில் கேஸ் திரவமாகும் அழுத்தம். மின்னோட்டம் 6.8 ஆம்பியரில் தொடங்கி 9.4 வரை போனது. பன்னிரண்டாவது நிமிடத்தில் வெளி யூனிட் மின்னோட்டக் காப்பில் நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிர் முறையில் தடித்த பைப்பின் சர்வீஸ் வால்வில் கிடைப்பது கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்துக் குறைந்த அழுத்தமான சக்‌ஷன் அழுத்தம். சூடு முறையில் ரிவர்சிங் வால்வு கேஸ் ஓடும் திசையை மாற்றிவிடுவதால் அதே சர்வீஸ் வால்வில் கம்ப்ரசர் வெளித்தள்ளும் உயர்ந்த டிஸ்சார்ஜ் அழுத்தம் வரும். குறைந்த அழுத்தக் கேஜை மாட்டியபடியே சூடு முறைக்கு மாற்றினால் கேஜ் பாழாகும், கையில் இருக்கும் ஹோஸ் வெடிக்கவும் கூடும். 800 பிஎஸ்ஐ வேலை அழுத்தம் தாங்கும் ஹோஸையும் உயர் அழுத்தக் கேஜையும் மட்டுமே அந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

குளிர் முறையில் அறை 27 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். வெளிவந்த காற்று 10.5 டிகிரி. வித்தியாசம் 16.5. சக்‌ஷன் அழுத்தம் 95 பிஎஸ்ஐ, அதாவது உள் யூனிட்டின் காயிலுக்குள் (தகடுகள் கோத்த குழாய்த் தொகுதி) கேஸ் மைனஸ் 2 டிகிரியில் கொதிக்கிறது. வெளி யூனிட் பக்கம் தடித்த பைப்பின் வெப்பநிலை மைனஸ் 1. காற்று வெளிவரும் வாயில் ஒன்பது இடங்களில் காற்று வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் வைத்துச் சராசரி எடுத்ததில் நொடிக்கு 1.6 மீட்டர். வாயின் அளவு 80 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 320 கன மீட்டர் காற்று. இந்த அளவு யூனிட் 700 கன மீட்டருக்கு மேல் தள்ள வேண்டியது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் காயிலின் கீழ்ப்பாதியில் ஐஸ் பிடிக்கத் தொடங்கியது.

கேஸ் குறைவும் காற்றுக் குறைவும் எங்கே பிரிகின்றன

95 பிஎஸ்ஐ என்ற ஒரே எண்ணைப் பார்த்தால் கேஸ் குறைவு என்றுதான் தோன்றும். முந்தைய கோடையில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே: கேஜ் மாட்டினார்கள், முள் தாழ்ந்திருந்தது, கேஸ் ஏற்றினார்கள். காயிலில் ஐஸ் பிடிப்பதும் இரண்டு கோளாறுக்கும் பொது. ஆனால் அழுத்தத்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது காற்றின் வெப்பநிலை வித்தியாசம். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதிதான் குளிரும். மீதி வழியாகப் போகும் காற்று குளிராமலே வந்து கலக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் வித்தியாசம் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். காற்று குறைந்தால் நேர்மாறு: கொஞ்சக் காற்று மெதுவாகக் காயிலைக் கடப்பதால் அளவுக்கு மீறிக் குளிர்ந்து வரும். இங்கே 16.5 டிகிரி. வாயருகே கையை வைத்தால் ‘நல்லாக் குளிருதே’ என்று சொல்ல வைக்கும் வித்தியாசம் இது. அறை குளிராததற்குக் காரணம், அந்தக் குளிர்ந்த காற்றின் அளவு பாதிக்கும் கீழே இருந்ததுதான்.

இரண்டாவது சூப்பர்ஹீட், அதாவது கொதிநிலைக்கு மேல் கேஸ் எவ்வளவு சூடேறித் திரும்புகிறது என்ற அளவு. கேஸ் குறைந்தால் அது மிகவும் கூடும். தடித்த பைப் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே வெறும் 1 டிகிரி. ஆவியாகி முடிக்காத திரவம் கம்ப்ரசர் வரை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கோளாறுகளிலேயே கவலைப்பட வேண்டியது இதுதான். திரவம் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். பேரிங் எண்ணெயில்லாமல் தேயும்.

மூன்றாவது ஐஸ் பிடிக்கும் இடம். கேஸ் குறைவானால் வெளி யூனிட்டின் மெல்லிய பைப் நட்டு அருகிலும் காயிலுக்குள் அது நுழையும் மூலையிலும் முதலில் வெள்ளை பூக்கும். காற்றுக் குறைவானால் காயில் பரப்பாக ஐஸ் கட்டி, தடித்த பைப்பும் வியர்த்து உறையும். இங்கே தடித்த பைப்பின் இன்சுலேஷன் முனையில்தான் பனி இருந்தது.

மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. கேஸை அப்போதைக்குத் தொடாமல் உள் யூனிட்டைப் பிரிப்பது என்று முடிவாயிற்று.

பிரித்தபோது கண்டவை

பிரேக்கரை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும். ரிமோட்டில் அணைப்பது அணைப்பே ஆகாது. காத்திருந்த பிறகும் மீட்டர் வைத்து மின்னழுத்தம் இறங்கிவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இடது ஃபில்டரின் கீழ் விளிம்பு வளைந்திருந்தது. சட்டத்தில் பொருத்தினால் 7 மில்லிமீட்டர் இடைவெளி. வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிளாஸ்டிக் சட்டம் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். காற்று தடை குறைந்த வழியைத் தேடிப் போகும். ஃபில்டர் வலையை விட்டுவிட்டு அந்தச் சந்து வழியே தூசியோடு நுழைந்திருக்கிறது. காயிலின் இடது கீழ்ப்பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பளி விரித்தாற்போல் தூசிப் பட்டை. மற்ற இடங்களில் தூசி மெல்லியதுதான். ஆனால் விரலால் தொட்டால் பிசுபிசுத்தது: தாளிப்புப் புகை ஃபில்டர் வலையைத் தாண்டிவிடும், தகடுகளில் எண்ணெய்ப் படலமாகப் படிந்து, பிறகு வரும் நுண்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புளோயரின் நிலை அதைவிட மோசம். உருளை வடிவப் புளோயரில் நீளவாக்கில் வரிசையாக வளைந்த இலைகள் இருக்கும். காற்றை வாரி எறிவது அந்த வளைவுதான். ஒவ்வோர் இலையின் உட்குழிவிலும் 2 மில்லிமீட்டர் கனத்துக்குக் கறுத்த அழுக்கு படிந்து குழிவே நிரம்பியிருந்தது. இந்த நிலையில் புளோயர் அதே வேகத்தில் சுற்றும், சத்தமும் அதே அளவு இருக்கும், காற்று மட்டும் வராது. காயில் அடைப்பைவிட அதிகக் காற்றை இழக்க வைப்பது இதுதான். முன்பக்கமிருந்து ஸ்பிரே அடித்துக் காயிலை மட்டும் கழுவும் சர்வீஸில் இந்த அழுக்கு அசைவதே இல்லை.

காயில் சென்சார் தன் செம்புக் குழாய்ப் பொந்திலிருந்து நழுவிக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காயில் உறையும் நிலைக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய காவல் அது. காற்றின் வெப்பநிலையைக் காயிலின் வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டதால் ஐஸ் கட்டும்போதும் ‘எல்லாம் சரி’ என்றே போர்டுக்குச் சொல்லியிருக்கிறது. சென்சாரைக் கழற்றி அளந்ததில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், ஐஸ் கலந்த நீரில் சுமார் 33 கிலோ ஓம்; அதன் அட்டவணைக்குப் பொருந்தியது. சென்சார் நல்லது, இருந்த இடம்தான் தவறு. கிளிப்பைச் சரிசெய்து பொந்துக்குள் முழுதாகச் செருகினால் போதும். இதைப் பார்க்காமல் போர்டை மாற்றச் சொல்வோர் உண்டு.

கழுவிய முறை

முதலில் உலர் வேலை. மென்பிரஷும் வேக்யூம் கிளீனரும் கொண்டு, தகடுகள் ஓடும் மேல்-கீழ் வாக்கில் தூசிப் பட்டையை எடுக்க வேண்டும். உலர்ந்த தூசி மேல் நேராகத் தண்ணீர் அடித்தால் அது சேறாகித் தகடுகளின் நடுவே இறங்கி இறுகும். பிறகு எந்த ரசாயனத்துக்கும் மசியாது.

போர்டு பெட்டி, டிஸ்பிளே, ஸ்விங் மோட்டார் மூன்றையும் பாலிதீன் போட்டு நாடா சுற்றி மூடியாயிற்று. புளோயரை வலப்பக்கம் மோட்டார் தண்டோடு பிணைக்கும் ஸ்குருவைத் தளர்த்தி, வெளியே எடுத்துத் தனியாகக் கழுவினோம். இலைகளில் எங்கேனும் சிறு உலோகக் கிளிப் மாட்டியிருந்தால் அழுக்கென்று பிடுங்கிவிடக் கூடாது. அது சமன் எடை. கழன்றால் புளோயர் அதிரும், சில மாதத்தில் பேரிங் போகும். திரும்ப மாட்டும்போது இரு பக்கமும் சுவரில் உரசாத இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குருவை இறுக்க வேண்டும்.

காயிலுக்கு மிதமான காரத்தன்மை கொண்ட கிளீனர், லேபிளில் உள்ள விகிதத்தில் தண்ணீர் கலந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் கீழிருந்து மேலாக அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டோம். மேலிருந்து அடித்தால் வழிந்தோடி ஒரே தடத்தில் இறங்கிவிடும். அமிலக் கிளீனர் அழுக்கைச் சீக்கிரம் எடுக்கும், கூடவே அலுமினியத் தகட்டையும் அதன் மேற்பூச்சையும் தின்னும். பூச்சு போன தகட்டில் தண்ணீர் வழியாமல் துளித்துளியாக நிற்கும். அடுத்த அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

அலசும்போது பம்பின் பீய்ச்சலை முதலில் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வலித்தால் தகடும் மடங்கும். விசிறி போல் விரியும் நாசிலை, தகடுகளுக்கு நேராக ஓர் அடி தள்ளிப் பிடித்து, கீழே கட்டிய பையில் விழும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். இந்த யூனிட்டுக்கு ஏறத்தாழ 15 லிட்டர் பிடித்தது. முதல் 4 லிட்டர் கறுப்பாகவே வந்தது. கிளீனர் மிச்சம் தகடுகளில் நின்றால் ஏசி போடும்போதெல்லாம் வாடை வரும், அரிப்பும் தொடங்கும். அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது.

வெளி யூனிட்டில் பெரிய அடைப்பு இல்லை. மேல்மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளியே, அதாவது காற்று வந்த வழிக்கு எதிராகத் தண்ணீர் விட்டதில் முதுகுப் பக்கத்துத் தூசி தகடுகளுக்குள் போகாமல் வெளியே விழுந்தது. மடிந்திருந்த ஒரு பகுதியைத் தகட்டுச் சீப்பால் நிமிர்த்தினோம். அடித்தட்டின் வடிகால் துளைகளில் இரண்டு சருகால் அடைபட்டிருந்தன. குளிர் முறையில் இதனால் ஒன்றும் ஆகாது. சூடு முறையிலோ டிஃப்ராஸ்டில், அதாவது வெளிக் காயிலில் கட்டும் பனியை யூனிட் தானே உருக்கும்போது, வரும் தண்ணீர் அந்தத் தட்டில்தான் விழும்; வடியாமல் நின்றால் உறைபனிக் காலத்தில் ஐஸாகி உயர்ந்து ஃபேன் இலையைத் தட்டும். மின்கம்பியைப் பிடிக்கும் டெர்மினல் ஸ்குருக்களில் ஒன்று அரைச் சுற்று இறுகியது. கருகல் இல்லை.

தண்ணீர் சொட்டியது

சொட்டலுக்கு இரண்டு வழி. ஐஸ் உருகும்போது தண்ணீர் தட்டுக்கு வெளியே விழுந்தது ஒன்று. ஐஸ் போனால் அதுவும் போகும். மற்றது டிரெயின், அதாவது தண்ணீர் வடியும் வழி. தட்டில் வழுவழுப்பான பாசிபோன்ற சளி. அது திரண்டு பைப் வாயில் அடைத்திருந்தது. வெளியே தொங்கிய ஹோஸ் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும் வளைவாகியிருந்தது. அதன் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. முனை மூழ்கினால் உள்ளே காற்று சிறைப்பட்டுத் தண்ணீர் இறங்காது, களக் களக்கென்று சத்தம் மட்டும் வரும். சளியை எடுத்து, ஹோஸை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரியும்படி கிளாம்ப் போட்டு, முனையைத் தண்ணீருக்கு மேலே வெட்டி விட்டோம். சோதனை எளிது: தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது தேங்காமல் வெளியே வருகிறதா என்று பார்ப்பது. ஈரமான நாளில் இந்த அளவு யூனிட் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் விடும். அதற்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் வடிய வேண்டும்.

கழுவிய பிறகும் மிஞ்சியது

அதே சோதனை ஓட்டம், அதே அறை வெப்பநிலை. குளிர் முறையில் காற்று நொடிக்கு 3.7 மீட்டர், அதாவது மணிக்கு 740 கன மீட்டர் அளவு. வெளிவரும் காற்று 15 டிகிரி. வித்தியாசம் 12 ஆக இறங்கியது. வீட்டார் ‘முன்னைவிடக் குளிர் குறைவாக வருகிறதே’ என்று கேட்டது இங்கேதான். நியாயமான கேள்வி. காற்றின் அளவையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் முன்பு அறையிலிருந்து எடுக்கப்பட்ட வெப்பம் 3 கிலோவாட் சுற்றி, இப்போது 4.7. சக்‌ஷன் அழுத்தம் ஒரு கிராம் கேஸ் ஏற்றாமலே 95லிருந்து 128 பிஎஸ்ஐக்கு வந்துவிட்டது. தடித்த பைப் 11 டிகிரி, சூப்பர்ஹீட் 5. ஐஸ் இல்லை.

சூடு முறையில் யூனிட் இடையில் நின்றுபோவது தீர்ந்தது, ஆனால் எண்கள் சரியில்லை. அழுத்தம் 478 பிஎஸ்ஐ, அதாவது 53 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். உள் காயிலிலிருந்து திரும்பும் மெல்லிய பைப் 32 டிகிரி. இரண்டுக்கும் வித்தியாசம் 21 டிகிரி; இதுதான் சப்கூலிங், அதாவது திரவமான பிறகு மேலும் எவ்வளவு குளிர்ந்தது என்ற அளவு. 8 முதல் 12 வரை இருந்திருக்க வேண்டியது. சூடு முறையில் உள் காயில்தான் கன்டென்சர், அதாவது கேஸ் திரவமாகும் இடம். தேவைக்கு மேல் இருக்கும் திரவம் அங்கே தேங்கிக் குழாய்களை நிரப்பிக்கொள்வதால், கேஸ் திரவமாக மாறுவதற்கு மிஞ்சும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது.

ஏன் இந்தக் கூடுதல் கேஸ் கோடையில் வெளியே தெரியவில்லை, குளிர்காலத்தில்தான் தெரிந்தது என்பதும் இதில் விளங்கும். குளிர் முறையில் கன்டென்சர் வேலை செய்வது வெளி யூனிட்டின் பெரிய காயில். இருநூறு முந்நூறு கிராம் கூடினாலும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். உள் காயில் சிறியது. அதுவும் காற்று வராத, அழுக்கடைந்த காயிலென்றால் தாங்க வழியே இல்லை. அழுக்கு குளிர் முறையில் அழுத்தத்தைக் கீழே இழுக்கும், சூடு முறையில் மேலே தள்ளும். கீழே இழுத்ததைக் கேஸ் குறைவென்று நினைத்து ஏற்றியது, மேலே தள்ளுவதற்கு இன்னும் வலு சேர்த்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வகை ஸ்பிளிட்டில் திரவத்தின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வெளி யூனிட்டுக்குள் இருப்பதால் குளிர் முறையில் சர்வீஸ் வால்வுகளை வைத்துச் சப்கூலிங் பார்க்க முடியாது. மெல்லிய பைப்பில் அப்போது ஓடுவது ஏற்கெனவே அழுத்தம் இறங்கிய கலவை. சூடு முறையில்தான் அந்தப் பைப்பில் முழுத் திரவம் வரும். கேஸ் அதிகமா என்ற சந்தேகம் உள்ள சூடு-குளிர் யூனிட்டைச் சூடு முறையில் சோதிக்காமல் விடுவது பாதி வேலைதான்.

கேஸை எடுத்து எடைபோட்டது

பைப்புகளை இணைக்கும் பிளேர் நட்டுகளில் எண்ணெய்க் கசிவு இல்லை, சோப்பு நுரையிலும் குமிழ் இல்லை. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரெகவரி மெஷினால் முழுதாக எடுத்து, சிலிண்டரை முன்னும் பின்னும் எடைபோட்டதில் 1.36 கிலோ. பைப் 4 மீட்டர்தான். தொழிற்சாலையில் நிரப்பிய எடையே போதுமான நீளம். ஆக 260 கிராம் கூடுதல், எடுத்தபின் குழாய்களில் மிஞ்சியதைச் சேர்க்காமல். கசிவும் இல்லை, குறைவும் இருந்ததில்லை. முந்தைய கோடையில் ஏற்றியது முழுக்க வீண்.

எடுத்த கேஸைத் திருப்பி ஏற்றவில்லை. டாப்-அப்பில் என்ன கேஸ் போட்டார்கள் என்று தெரியாது. ஆர்32ம், ஏசிகளில் ஓடும் இன்னொரு கேஸான ஆர்410ஏயும் 20 டிகிரியில் 199 பிஎஸ்ஐக்கும் 195 பிஎஸ்ஐக்கும் பக்கத்தில் நிற்கும்; கேஜ் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஹோஸில் இருந்த காற்றை வெளியேற்றாமல் ஏற்றியிருந்தால் அந்தக் காற்றும் உள்ளே இருக்கும். ஆகவே பழையதைச் சுத்திகரிப்புக்கு ஒதுக்கிவிட்டு, வேக்யூம் பம்ப் வைத்து உள்ளழுத்தத்தை 380 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இறக்கினோம். பம்பை மூடிக் கால் மணி நேரம் விட்டதில் 460ல் நின்றது. ஈரமோ கசிவோ இருந்தால் அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். பிறகு தராசில் வைத்து 1.10 கிலோ புதிய ஆர்32. இது மெல்லத் தீப்பற்றும் வகைக் கேஸ்: சன்னல் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ பிரேசிங் விளக்கோ இருக்கக் கூடாது, ரெகவரி மெஷினும் இந்தக் கேஸுக்கென்று அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை சூடு முறையில் அழுத்தம் 405 பிஎஸ்ஐ, மெல்லிய பைப் 36 டிகிரி, சப்கூலிங் 10. வெளிவரும் காற்று 42 டிகிரி. மின்னோட்டம் 5.9 ஆம்பியரில் அசையாமல் நின்றது. கழுவும் முன் 9.4 ஆம்பியர் தின்றுவிட்டு அறைக்குத் தந்தது சுமார் 3.3 கிலோவாட் சூடு, இப்போது 5.4.

இனி செய்ய வேண்டியது

வளைந்த ஃபில்டர் மாற்றப்பட்டது. புதியதைக் குளிர்ந்த நீரில் அல்லது 40 டிகிரிக்கு உட்பட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஓடும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சமையல் புகை வரும் இந்தக் கூடத்துக்கு அதுவே நீளம். மாட்டியதும் நான்கு விளிம்பையும் விரலால் தடவிச் சந்து இருக்கிறதா என்று பார்ப்பது கழுவுவதைப் போலவே முக்கியம்.

வெயில் தொடங்கும் முன் ஒரு லிட்டர் டிரெயின் சோதனை. குளிர் தொடங்கும் முன் வெளி யூனிட்டின் அடித்தட்டுத் துளைகள். இரண்டு பருவத்துக்கும் முன்பு டார்ச் அடித்துப் புளோயர் இலையின் உட்குழிவைப் பார்ப்பது: பிளாஸ்டிக் நிறம் தெரிய வேண்டும். வெளி யூனிட்டின் முதுகுப் பக்கம் செடியோ அட்டைப்பெட்டியோ அண்டக் கூடாது. குளிர்காலத்தில் அவ்வப்போது உள் காற்று நின்று வெளி யூனிட்டிலிருந்து ஆவி கிளம்பினால் அது டிஃப்ராஸ்ட். பத்து நிமிடத்துக்குள் தானே முடியும், யாரையும் கூப்பிட வேண்டாம்.

வருடாந்தர சர்வீஸ் என்றாலே கேஜ் மாட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1.10 கிலோ மட்டும் உள்ள யூனிட்டில் ஒவ்வொரு முறை ஹோஸைக் கழற்றும்போதும் சில கிராம் போகும், வால்வுக் கோர் தளரும். கசிவே இல்லாத யூனிட்டில் கசிவை உண்டாக்கும் வழி அது. காற்றின் வேகம், வெப்பநிலை வித்தியாசம், மின்னோட்டம் ஆகிய மூன்றும் சோதனை ஓட்டத்தில் முன்பு இருந்தபடியே இருந்தால் கேஸும் இருந்தபடியே இருக்கிறது. மூன்றில் ஒன்று நகர்ந்து, காயிலும் புளோயரும் சுத்தமாக இருந்தால் மட்டும் கேஜை எடுக்கலாம்.

அதற்காக இந்த யூனிட்டின் முன்மூடிக்கு உட்புறம் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் உள்ளவை: குளிர் முறையில் நொடிக்கு 3.7 மீட்டர், 12 டிகிரி வித்தியாசம். சூடு முறையில் 42 டிகிரி, 5.9 ஆம்பியர், அளந்தபோது அறையிலும் வெளியிலும் இருந்த வெப்பநிலை, கேஸ் 1.10 கிலோ, ஏற்றிய தேதி. காற்றின் வேகம் 3.0க்குக் கீழே இறங்கினாலோ குளிர் முறையின் வித்தியாசம் 15ஐத் தொட்டாலோ புளோயரைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்ற குறிப்பும் அதே அட்டையில், அளவுகளுக்குக் கீழே எழுதியிருக்கிறது.